கல்வத்தில் ஒளிந்திருந்த ஒளி

முதுகலை வேதியியல் படித்த இரண்டு வருடமும் அரைத்துக்கொண்டேதான் இருந்தேன். புதிதாக ஒரு சேர்மம் செய்தால் அதன் அகச்சிவப்பு நிறமாலையை எடுக்க வேண்டும். சேர்மத்தில் ஒரு பங்கு, பொட்டாசியம் புரோமைடு உப்பில் ஏறக்குறைய நூறு பங்கு எடுத்து, அகேட் கல்லில் குடைந்த உள்ளங்கையளவு கல்வத்தில் போட்டு, முகத்துக்குப் பூசும் மாவு போல ஆகும்வரை அரைக்க வேண்டும். அந்த மாவை அச்சில் இட்டு அழுத்தினால் கண்ணாடி போல ஒரு வில்லை வரும். அதைக் கருவியில் வைத்தால் கோடு ஓடும்.

ஒருநாள் ஒரே சேர்மத்தை இரண்டு முறை எடுத்தேன். இரண்டு கோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் முறை கூடுதல் நேரம் அரைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆய்வகத்தில் இருந்த மூத்த மாணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் புகுந்திருக்கும் தம்பி, ஓவன்ல காயவச்சுட்டு மறுபடியும் அரை" என்றார். காயவைத்தேன், அரைத்தேன். நோட்டில் அந்தப் பகுதிக்கு 'மாதிரி தயாரிப்பு' என்று தலைப்பு போடுவோம். சோதனை என்பது அதற்குப் பிறகு கருவிக்குள் நடப்பது என்று நினைத்திருந்தோம்.

அந்தத் தலைப்பே தவறு என்று காட்டிய படிகங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வெளிறிய ஒரு பொடி, சிறப்பாக ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டு சோதிக்கும் விளக்கு போன்ற ஒரு புற ஊதா விளக்கைப் பிடித்தால் அது நீலமாக ஒளிரும். விளக்கைப் பிடித்தபடியே குழவியால் ஒரு சுற்று அரைத்தால் குழவி போன தடமெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பொடியில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஒரு வேதிப் பிணைப்புகூட அறுபடவில்லை. சூடு காட்டினாலோ, ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டாலோ நீலம் திரும்பி வந்துவிடும். விசை பட்டால் ஒளிர்வின் நிறம் மாறும் இந்தக் கரிமப் படிகங்கள் ஆய்வுலகின் கண்ணில் முழுமையாகப் பட்டது இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். அதற்கு முன் எத்தனை கல்வங்களில், எத்தனை பேர் கையில் அவை நிறம் மாறியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

நம் சித்த மருத்துவத்தில் அரைப்பதற்கு நேரக் கணக்கு உண்டு. இன்ன சாற்றை விட்டு இத்தனை சாமம் அரைக்க வேண்டும் என்று செய்முறைகள் விதிக்கும். ஒரு சாமம் என்றால் மூன்று மணி நேரம். அங்கே அரைப்பது ஆயத்த வேலையாக இல்லை, மருந்து செய்வதில் அதுவும் ஒரு படி. அந்த மரபு இந்தப் படிகங்களை அறிந்திருந்தது என்று நான் முடிச்சுப் போட வரவில்லை. அரைப்பதை ஒரு செயலாக மதித்த பார்வை அங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நவீன வேதியியல் அந்த மதிப்பைக் கொடுக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது என்றாலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பாதரச அயோடைடு என்ற சிவப்புப் பொடியைச் சுமார் 127 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருக்கும். அப்போது ஒரு கண்ணாடிக் குச்சியால் கீறினால் கீறிய இடத்தில் சிவப்பு பூக்கும். பழைய வேதியியல் வகுப்புகளில் இதைச் செய்து காட்டுவார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தன் சொந்த ஆய்வகத்தில் வேலை செய்த மேத்யூ கேரி லீ என்பவர் 1890களில் இன்னும் ஆழமாகப் போனார். வெள்ளி குளோரைடைச் சூடாக்கினால் அது உருகும், சிதையாது. அதையே கல்வத்தில் போட்டு அழுத்தி அரைத்தால் சிதைந்து கறுக்கும். அரைக்கும்போது எழும் சூட்டால்தான் எல்லாம் நடக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நேரடியான பதில். சூடு செய்யாததைக் குழவி செய்கிறது. ஆனால் லீ பார்த்தது வேதிமாற்றம். நம் கதைக்கு வேண்டியது வேறு. மூலக்கூறு அப்படியே இருக்க வேண்டும், அது உமிழும் ஒளி மட்டும் மாற வேண்டும்.

அதற்கு, மூலக்கூறு ஏன் ஒளிர்கிறது என்பதிலிருந்து வர வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறுகிறது. இறங்கி வரும்போது அந்த ஆற்றலை ஒளியாகக் கொடுத்தால் அது உடனொளிர்வு. உடலை ஆட்டி உதறிச் சூடாகக் கழித்துவிட்டால் ஒளி இல்லை. இது ஒற்றை மூலக்கூறின் கதை. 1954இல் ஜெர்மானிய வேதியியலாளர் தியோடோர் ஃபோர்ஸ்டர், பைரீன் என்ற சேர்மத்தின் கரைசலை ஆராய்ந்தார். தார்க்கழிவில் கிடைக்கும் பொருள் அது. நான்கு வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு. நீர்த்த கரைசலில் ஊதாவாக ஒளிர்ந்தது. செறிவைக் கூட்டக் கூட்ட ஊதா மங்கி, நீலப்பச்சை எழுந்தது. மேல்படி ஏறிய ஒரு பைரீன், பக்கத்தில் வந்த இன்னொரு பைரீனோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து வேறு நிற ஒளியைக் கொடுக்கின்றன. தனியாக நின்றால் ஒரு நிறம், துணையோடு நின்றால் வேறு நிறம்.

இந்த ஒரு செய்தியிலேயே விதை முழுவதும் இருக்கிறது. திடப்பொருளில் மூலக்கூறுகள் அக்கம்பக்கமாகத்தான் நிற்கின்றன. அக்கம்பக்கம் மாறினால் நிறம் மாற வேண்டும். அக்கம்பக்கத்தை மாற்ற அரைத்தாலே போதும். 1954இலேயே யாராவது இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போடாததற்குக் காரணம் இருந்தது. பெரும்பாலான கரிமச் சாயங்கள் கரைசலில் பிரகாசமாக ஒளிரும், உலர்த்தித் திடமாக்கினால் அணைந்துவிடும். நெருக்கமாக அடுக்கப்பட்ட தட்டை மூலக்கூறுகள் ஆற்றலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வாங்கி வீணடித்துவிடுகின்றன. அதனால் ஒளிர்வை ஆராய்கிறவர் சாயத்தைக் கரைத்து, நீர்த்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்ப்பதே வழக்கம். திடநிலை என்றால் அணைந்த அடுப்பு. யாரும் அங்கே கை நீட்டுவதில்லை.

2001இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் ஜாங் டாங் குழு அந்த அடுப்பில் கனல் இருப்பதைப் பார்த்தது. சைலோல் என்ற வளையத்தைச் சுற்றி ஐந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய ஒரு சேர்மம். அதன் கரைசலை, கலவையைப் பிரித்துப் பார்க்க உதவும் டி.எல்.சி. தட்டில் புள்ளி வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டினால், ஈரப் புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை. காய்ந்ததும் பளிச்சென்று ஒளிர்ந்தது. பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர் தலைகீழ். காரணம் எளிது. கரைசலில் அந்த ஐந்து வளையங்களும் மின்விசிறி இறக்கை போலச் சுழன்று ஆற்றலை உதறிவிடுகின்றன. திடமானதும் பக்கத்து மூலக்கூறுகள் நெருக்கிப் பிடிப்பதால் சுழல முடிவதில்லை, ஆற்றலுக்கு ஒளியாக வெளியேறுவதைத் தவிர வழி இல்லை. திடத்தில் ஒளிர்வதற்கென்றே மூலக்கூறுகளை வடிவமைக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது. இன்னொரு நன்மையும் பின்னால் தெரிந்தது. முறுக்கிக்கொண்டு நிற்கும் இப்படிப்பட்ட மூலக்கூறுகள் இறுக அடுக்கப்படுவதில்லை, இடைவெளி விட்டுத் தளர்வாகவே அமையும். தளர்வாக அடுக்கியதைக் கலைப்பது சுலபம். இந்த வகைச் சேர்மங்களில் பல, அரைத்தால் நிறம் மாறுகின்றன என்பதைக் குவாங்ஜோவில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தின் ஜெங்குவோ ச்சி குழு அடுத்தடுத்த வேலைகளில் எடுத்துக்காட்டியது.

டாங் குழு அந்தக் கனலைப் பார்த்த அதே சமயத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிறிஸ்டோஃப் வேடர் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒளிரும் சாயத்தைச் சிறிதளவு பாலிஎத்திலீனில் கலந்து தாளாக்கினார். சாய மூலக்கூறுகள் பிளாஸ்டிக்குக்குள் சின்னச் சின்னக் கூட்டமாகத் திரண்டு, ஃபோர்ஸ்டர் பார்த்தது போல ஜோடி ஒளியைக் கொடுத்தன. தாளைப் பிடித்து இழுத்தால் கூட்டம் சிதறி, தனி மூலக்கூறின் பச்சை ஒளி வந்தது. 2002இல் வெளியான அந்த வேலையில் ஒளிர்வின் நிறத்துக்கும் இழுவிசைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. ஆனால் அது பிளாஸ்டிக். சாயம் அதற்குள் விருந்தாளி மட்டும்.

படிகப் பொடியே தன் ஒளியை மாற்றிக்கொள்வதைத் திட்டமிட்டுச் செய்து காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிமிட்சு சகாராவும் அவர் குழுவின் தலைவர் கோஜி அராக்கியும். 2007இல் அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபோர்ஸ்டரின் அதே பைரீன்தான். அதன் நான்கு மூலைகளிலும் அமைடு தொகுதிகளை ஒட்டினார்கள். அமைடுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி, பைரீன்களை அவை தாமாக விரும்பும் இடத்தில் நிற்கவிடாமல் வேறு ஒழுங்கில் கட்டி வைத்தது. கட்டிவைத்த நிலையில் பொடி நீலமாக ஒளிர்ந்தது. ஸ்பாட்டுலாவால் அழுத்தியதும் கட்டு நெகிழ்ந்து, பைரீன்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பச்சையாக ஒளிர்ந்தன. சூடாக்கினால் பழைய கட்டு திரும்பும். இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கும் நிலையில் மூலக்கூறை வைத்துவிட்டால், வெளியிலிருந்து சின்ன அழுத்தம் போதும் தராசு சாய்வதற்கு. தற்செயலுக்குக் காத்திருக்காமல் இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தார்களே, அதுதான் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த இடம்.

அடுத்த ஆண்டு, 2008இல், சப்போரோவிலுள்ள ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தில் ஹஜிமே இட்டோ குழு, தங்க அணுக்கள் இரண்டு கோத்த ஒரு சேர்மத்தை அறிவித்தது. பொடி நீலமாக ஒளிர்ந்தது, அரைத்தால் மஞ்சள். அரைத்ததன் மேல் டைகுளோரோமீத்தேன் ஒரு சொட்டு விட்டால் மீண்டும் நீலம். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படி மாறி மாறிச் செய்யலாம். தங்கம் இருப்பதால் அதை முழுக்கக் கரிமப் படிகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் படிகங்கள் மீது பலர் கண்ணைத் திருப்பியதில் அதற்குப் பெரிய பங்கு.

2010இல் வந்தது மிக எளிய மூலக்கூறு. வந்த இடம், வெயிலில் முகம் கருக்காமல் இருக்கப் பூசும் களிம்பு.

சன்ஸ்கிரீன் குழாயின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் அவோபென்சோன் என்ற பெயர் இருக்கும். வெயிலின் நீண்ட அலை புற ஊதாக் கதிர்களை விழுங்குவது அதன் வேலை. விழுங்கியதை ஒளியாக உமிழக் கூடாது, சூடாக்கிச் சத்தமில்லாமல் கழித்துவிட வேண்டும். அந்தக் கழிக்கும் வேலையில் முக்கியப் பங்கு ஒரு ஹைட்ரஜனுக்கு. மூலக்கூறின் நடுவில் இரண்டு ஆக்சிஜன் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையில் அந்த ஹைட்ரஜன் ஊஞ்சலாடுகிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஷார்லட்ஸ்வில் நகரிலுள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கசான்ட்ரா ஃப்ரேசர் குழு அப்போது வேறு ஒரு காரியத்தில் இருந்தது. அவோபென்சோனுக்கு நெருங்கிய உறவான டைபென்சாயில்மீத்தேனில், ஊஞ்சலாடும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போரான் டைஃபுளோரைடை வைத்துப் பூட்டினார்கள். ஊஞ்சல் நின்றுவிட்டதால் ஆற்றல் ஒளியாக வெளியேறியது. அந்தச் சாயத்தைக் மட்கும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டைடில் கோத்து, ஆக்சிஜன் அளவைக் காட்டும் பொருளாக்கினார்கள். புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த இடங்களைப் படமாகப் பார்க்க அது உதவும் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் காட்டினார்கள். அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, அதே பூட்டை அவோபென்சோனுக்கும் போட்டார்கள். ஒளியை விழுங்கிக் கழிப்பதற்கென்றே கடைக்கு வந்த மூலக்கூறு, பூட்டு விழுந்ததும் ஒளிரத் தொடங்கியது.

இந்த இரண்டு ஆக்சிஜன் கைகளும் நமக்குப் புதிதல்ல. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் மூலக்கூறின் நடுவிலும் இதே அமைப்புதான். மஞ்சள்தூளை எண்ணெயில் கலந்து நோட்டு விளக்கில் காட்டினால் பசுமஞ்சளாக ஒளிர்வதைப் பார்க்கலாம். போரானைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்திய பழைய முறை உண்டு. அமிலம் சேர்த்த போரிக் அமிலக் கரைசலில் அதை நனைத்து உலர்த்தினால் செம்பழுப்பாகும். குர்குமினின் அந்தக் கைகள் போரானைப் பிடிப்பதால் வரும் நிறம் அது. சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் குங்குமமாவது வேறு வேதியியல், அதைக் காரம் செய்கிறது. ஆனால் ஷார்லட்ஸ்வில்லில் போட்ட பூட்டும் மஞ்சள் தாளில் விழுந்த பூட்டும் ஒரே குடும்பம்.

2010 தொடக்கத்தில் குவோச்சிங் ஜாங்கும் ஃப்ரேசரும் மற்றவர்களும் அந்தச் சேர்மத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, ஒரே சேர்மம் படிகமாகும் விதத்தைப் பொறுத்து நீலமாகவும் பச்சையாகவும் இரண்டுக்கும் நடுவான நிறத்திலும் ஒளிர்கிறது. வேதி வாய்பாட்டில் ஓர் அணு வித்தியாசமில்லை, அடுக்கில்தான் வித்தியாசம். இரண்டாவது, அதை மெலிதாகப் பூசி லேசாகத் தேய்த்தால் தேய்த்த இடம் மஞ்சளை நோக்கி நகர்கிறது. உடைக்கும் அளவுக்கு விசை வேண்டாம், எழுதும் அழுத்தம் போதும். எழுதியது நிலைப்பதும் இல்லை. சூடு காட்டினால் உடனே மறையும். சும்மா விட்டாலும் அறைச் சூட்டிலேயே மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

தானாகத் திரும்புகிறது என்றால் அதற்குள் என்ன நடக்கிறது? எக்ஸ்கதிரில் பார்த்தபோது, தேய்ப்பதற்கு முன் கூர்மையான கோடுகள் இருந்தன. மூலக்கூறுகள் வரிசை தப்பாமல் நிற்பதற்கு அவை அடையாளம். தேய்த்த பிறகு கோடுகள் மங்கின. வரிசை குலைந்து, மூலக்கூறுகள் கண்டபடி கிடக்கின்றன. குலைந்த இடத்தில் சில மூலக்கூறுகள் முன்பு இல்லாத நெருக்கத்தில் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலில் ஒளியின் ஆற்றல் குறையும், அலைநீளம் கூடும், நிறம் மஞ்சள் பக்கம் போகும். பூசிய பரப்பு முழுவதும் குலைய வேண்டிய அவசியமும் இல்லை. ஒழுங்காக இருக்கும் பகுதியில் விழுந்த ஆற்றல், பக்கத்துக்குப் பக்கம் தாவி, ஆற்றல் குறைந்த பள்ளமான அந்தச் சிக்கல் இடத்தில் வந்து விழுகிறது. வயலில் ஒரே ஒரு மடை திறந்திருந்தால் தண்ணீர் முழுவதும் அங்கே வடிவது போல. கொஞ்சம் குலைந்தாலே நிறம் பெரிதாக மாறுவதற்கு இது காரணம். மூலக்கூறுகள் நெளிந்து நெளிந்து மறுபடி வரிசைக்கு வரும்போது நிறம் திரும்புகிறது.

பின்னர் அதே குழு, அந்த வகை மூலக்கூறின் ஓரத்தில் ஒட்டிய கரிமச் சங்கிலியை நீட்டியும் குறுக்கியும் பார்த்தது. சங்கிலிக்குத் தக்கபடி எழுத்து மறையும் நேரமும் மாறியது. சில நிமிடங்களில் மறந்துவிடுபவையும் உண்டு, நாள்கணக்கில் நினைவு வைத்திருப்பவையும் உண்டு.

வரிசை குலைவது என்று சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாப் படிகமும் ஒரே மாதிரி குலைவதில்லை. இந்த இடத்தில் கதை இந்தியாவுக்கு வருகிறது. கரிமப் படிகங்கள் உப்புக்கல் போல நொறுங்கத்தான் செய்யும் என்ற நினைப்பு பரவலாக இருந்த காலத்தில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் கௌதம் தேசிராஜு குழுவிலிருந்த மல்லா ரெட்டி, ஊசி போன்ற சில படிகங்களை இடுக்கியால் பிடித்து வளைத்துப் பார்த்தார். அவை உடையாமல் மெழுகு போல வளைந்தன. ஏன் என்று 2005இல் விளக்கினார்கள். எனக்கு அதைப் படித்ததும் வெற்றிலைக் கவுளி நினைவுக்கு வந்தது. கவுளியைப் பக்கவாட்டில் தள்ளினால் இலைக்கு மேல் இலை வழுக்கிச் சரியும். ஒவ்வொரு இலையும் முழுதாகவே இருக்கும், அடுக்கு மட்டும் சாயும். படிகத்துக்குள் மூலக்கூறுகள் அப்படித் தகடு தகடாக அமைந்து, தகடுகளுக்கிடையே பிடிப்பு குறைவாக இருந்தால் படிகம் வளையும். எல்லாத் திசையிலும் பிடிப்பு இருந்தால் நொறுங்கும்.

பிறகு கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போன மல்லா ரெட்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமமூர்த்தியோடும் ஃப்ரேசரோடும் சேர்ந்து, அதே போரான் பூட்டுப் போட்ட அவோபென்சோன் படிகங்களை எடுத்துக்கொண்டார். வைர முனையால் படிகத்தின் முகத்தில் நுண்ணளவில் அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்தார்கள். 2013இல் வந்த முடிவு: வழுக்குத் தளங்கள் உள்ள மென்மையான படிகம் நன்றாக நிறம் மாறியது, கடினமான படிகம் அவ்வளவு மாறவில்லை. கவுளி போல சரியக்கூடியதுதான் ஒளியையும் மாற்றிக்கொள்கிறது. ஒளியியல் கேள்விக்கு விடை, உலோகத்தைத் தட்டிப் பார்க்கிறவர்களின் கருவியிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் சவரிமுத்து பிலிப் அந்தோணி, திடநிலையில் ஒளிரும் கரிமச் சேர்மங்களை, அவற்றின் நிறத்தை அடுக்கால் மாற்றுவதை, பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார். விசிறி போல முறுக்கிக்கொண்டு நிற்கும் டிரைஃபீனைல்அமீன் வகை மூலக்கூறுகள் அவர் குழு அதிகம் கையாண்டவற்றில் ஒன்று.

அரைப்பதோடு நிற்காமல், இரண்டு வைர முனைகளுக்கு நடுவே படிகத்தை வைத்து வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு அழுத்திப் பார்த்தவர்களும் உண்டு. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் 2012இல், ஆந்திரசீன் நடுவாக வைத்துச் செய்த ஒரு சேர்மம் அப்படி அழுத்த அழுத்தப் பச்சையிலிருந்து சிவப்புக்குப் படிப்படியாக நகர்ந்தது. அந்த வைர முனைகளுக்கு நடுவே எவ்வளவு அழுத்தம் என்று அளப்பதற்கும் ஒளிர்வுதான் துணை. கூடவே ஒரு துளி மாணிக்கக் கல்லை வைத்து, அதன் சிவப்பு ஒளிர்வு எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது 1970களிலிருந்து இருக்கும் வழி.

என்ன பயன் என்று கேட்பார்கள். கள்ள நோட்டைப் பிடிக்கும் மை, அழித்து அழித்து எழுதும் தாள், பாலத்திலோ விமான இறக்கையிலோ விரிசல் விடும் முன்னே நிறம் காட்டும் பூச்சு என்று கட்டுரைகளின் கடைசிப் பத்திகள் சொல்லும். ஆசைகள் நியாயமானவை. ஆனால் தேய்த்தாயா இல்லையா என்பதை இந்தப் படிகங்கள் அழகாகச் சொல்லும் அளவுக்கு, எத்தனை கிலோ விசை பட்டது என்பதைத் துல்லியமாகச் சொல்வதில்லை. தானாக மறந்துவிடும் பொருளைப் பாலத்தில் பூசினால் சாட்சியே அழிந்துவிடும். வெயிலிலும் மழையிலும் நின்று தாங்க வேண்டும். இவற்றைத் தீர்க்காமல் பயனைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பயன் வராவிட்டாலும், மூலக்கூறின் நிறம் என்று நாம் சொல்லிவந்தது அதன் அக்கம்பக்கத்தின் நிறமும்தான் என்று கண்முன் காட்டியதற்காகவே இந்தப் படிகங்கள் எனக்குப் பெரிது.

ஆய்வாளர்களை வருத்தியது இன்னொன்று. அரைத்த பொடிக்குள் மூலக்கூறுகள் எங்கே எப்படி நிற்கின்றன என்பதை அறியச் சிறந்த வழி எக்ஸ்கதிர். எக்ஸ்கதிருக்கு வரிசை வேண்டும். அரைப்பதோ வரிசையைத்தான் குலைக்கிறது. எந்தக் கணத்தைப் பார்க்க வேண்டுமோ அந்தக் கணத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது.

சப்போரோவில் இட்டோ குழுவுக்கு 2013இல் அதற்கு ஒரு வழி கிடைத்தது. இந்த முறை ஒற்றைத் தங்க அணு கொண்ட, இன்னும் சிறிய மூலக்கூறு. அதைக் கரைசலிலிருந்து விரைவாகப் படிகமாக்கினால், அரைகுறை நிலைத்தன்மையோடு நீலமாக ஒளிரும் படிகம் கிடைக்கும். கல்வத்தில் போட்டு அதை அரைக்கவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் ஒரே ஓர் இடத்தில் குத்தினார்கள். குத்திய புள்ளியில் மஞ்சள் தோன்றியது. கையை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் நிற்கவில்லை. முதல் மூலக்கூறு சரிந்து பக்கத்து மூலக்கூறைச் சரிக்க, அது அடுத்ததைச் சரிக்க, நிறுத்திவைத்த சீட்டுகள் வரிசையாக விழுவது போல, நீலப் படிகத்துக்குள் மஞ்சள் எல்லை மெல்ல நகர்ந்து போனது. மஞ்சள் படிகத்தின் துணுக்கு ஒன்றை நீலப் படிகத்தோடு தொடவைத்தாலும், பாலில் உறை விழுந்தது போல அதே கதிதான். முழுவதும் மாறி முடித்த பிறகும் படிகம் படிகமாகவே இருந்தது. எக்ஸ்கதிரை இரண்டு முறை பாய்ச்சி, முன் நின்ற இடத்தையும் பின் நின்ற இடத்தையும் அணு அணுவாகப் படிக்க முடிந்தது. மஞ்சள் படிகத்தில் பக்கத்துப் பக்கத்துத் தங்க அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்தன.